மூக்கைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் வேலூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் மாமியார் மட்டும்தான் வீட்டில். பிள்ளைகள் இரண்டு பேரும் (11 வயது, 7 வயது) பக் நாய்தான் வேண்டும் என்று ஒரே அடம். விற்பவர் ஒருவரிடம் விசாரித்தோம். சைனீஸ் பக், மினி பக், ஃபுல் பஞ்ச் ஃபேஸ் என்று ரகம் ரகமாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்கிறார். கறுப்பு பக் கோபக்காரனாம், சந்தன நிறம்தான் குழந்தைகளோடு ஒத்துப்போகுமாம். 40 நாள் குட்டி ஒன்று இருக்கிறது, இந்த வாரமே அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார். எந்த ரகம் வாங்கலாம்? ஏ.சி. ஒரு படுக்கையறையில் மட்டும் இருக்கிறது. முடி கொட்டுமா என்பது மாமியாரின் கவலை.
— ஒரு வாசகி, வேலூர்

பதில்: முதல் வேலையாக, அட்வான்ஸ் கொடுப்பதை நிறுத்துங்கள். 40 நாள் குட்டியை விற்பதே சட்டப்படி தவறு. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயே பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

அடுத்து, ரகம். பக்கில் ரகம் என்று ஒன்றும் கிடையாது. அது ஒரே இனம். பூர்வீகம் சீனா. 16ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்களின் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனது. ஆகவே எல்லா பக்கும் 'சைனீஸ் பக்'தான், அதற்குத் தனி விலை எதற்கு? வளர்ந்த பக் 6.3 முதல் 8.1 கிலோ வரை இருக்க வேண்டும் என்பது இனத்தின் இலக்கணம். 'மினி', 'டீ கப்' என்று யாராவது நீட்டினால், அது வளர்ச்சி குன்றிய குட்டியாகவோ, சிவாவா போன்ற சின்ன இனத்தோடு கலந்த குட்டியாகவோ இருக்கும். இல்லாவிட்டால் வயசுக்குக் குறைவாகத் தீனி போட்ட குட்டி.

நிறத்தில் வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கென்னல் கிளப் ஏற்பது சந்தனம், கறுப்பு இரண்டைத்தான். பிரிட்டனில் வெள்ளி, ஆப்ரிகாட் நிறங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கறுப்புக்குக் கோபம் அதிகம் என்பது கட்டுக்கதை. ஒரே ஈற்றில் இரண்டு நிறமும் பிறக்கும். திட்டுத்திட்டாகச் சாம்பல் படர்ந்த 'மெர்ல்' பக் என்று சொன்னால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். அந்த மரபணு பக்கில் இல்லை, வேறு இனத்தைக் கலந்தால்தான் வரும். மெர்லோடு மெர்லைச் சேர்த்தால் காது கேளாத, கண் தெரியாத குட்டிகள் பிறக்கும் அபாயமும் உண்டு.

இப்போது அந்த 'ஃபுல் பஞ்ச் ஃபேஸ்'. குத்து வாங்கியதுபோல மூக்கு முகத்துக்குள்ளேயே அமுங்கியிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கு விலை கூடுதல். கூடுதல் பணம் கொடுத்து வியாதியை வாங்குகிறீர்கள் என்பேன்.

பக் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தன்னையும் தன் பக்கையும் சேர்த்து வரைந்த படம் லண்டன் டேட் கேலரியில் இருக்கிறது. அதிலுள்ள நாய்க்குத் தெளிவாக ஒரு மூஞ்சி இருக்கிறது, முன்னால் நீண்ட மூக்கு இருக்கிறது. தட்டையாக இருந்தால் அழகு என்று பிறகு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். எலும்பு குறுகியது. உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. மென்அண்ணம் தொண்டைக்குள் தொங்குகிறது, மூக்குத் துவாரம் கீறல்போல ஒடுங்கிவிட்டது. இந்த மூச்சடைப்பு நோயை ஆங்கிலச் சுருக்கத்தில் 'போவாஸ்' என்கிறோம். லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நாய்களைவிட பக்குக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 54 மடங்கு என்று தெரிந்தது. ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை பக்கை இனி வழக்கமான ஒரு நாயாகக் கருத முடியாது என்றே அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மூக்கு இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது என்று நெதர்லாந்து 2019 முதல் கண்டிப்பு காட்டுகிறது. தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் பக் இருந்தது.

எனவே குட்டி பார்க்கப் போகும்போது நிறத்தை விட்டுவிட்டு மூக்கைப் பாருங்கள். துவாரம் திறந்து, உள்ளே இருட்டு தெரிய வேண்டும். மூச்சு இழுக்கும்போது ஓரம் உள்ளே ஒட்டிக்கொண்டால் வேண்டாம். அதைவிட முக்கியம், தாயைப் பார்ப்பது, முடிந்தால் தகப்பனையும். தாயை மூன்று நிமிடம் துள்ளு நடையில் ஓடவிடச் சொல்லி, பக்கத்தில் நின்று காது கொடுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மருத்துவர்கள் வகுத்த சோதனையும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். விழித்திருக்கும் நாயிடம் கொர்கொர் சத்தம் கேட்கக் கூடாது. 'பக்னா அப்படித்தாங்க, குறட்டை விடும்' என்று சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க வேண்டாம்.

உட்கார்ந்தபடியே தூங்கி விழும் பக், வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டு தூங்கும் பக் என்று போனில் வீடியோக்கள் சுற்றுகின்றனவே, பார்த்திருப்பீர்கள். படுத்தால் தொண்டை அடைக்கிறது, வாயை மூடினால் மூச்சு நிற்கிறது. அதனால்தான் அது அப்படித் தூங்குகிறது. அப்படிப்பட்ட நாய்க்குத் துவாரத்தை விரித்து, அண்ணத்தைக் குறைக்கும் அறுவைசிகிச்சை தேவைப்படும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேலூரும் அந்த ஒற்றை ஏ.சி.யும்தான். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூச்சுப் பாதையே அடைபட்ட நாய் இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கி, சூடு இன்னும் ஏறும். நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மே மாதம் மதியம் மூன்று மணி, கரண்ட் கட், மாமியார் தனியாக இருக்கிறார் என்று வையுங்கள். நாயின் நாக்கு நீலம் பாய ஆரம்பித்தால் உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் அல்லது விசிறியால் குளிரவைத்து, அதன் பிறகுதான் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்திவிடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். இதையெல்லாம் மாமியார் தனியாகச் செய்வாரா? இது நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

குணத்தில் பக்கைக் குறைசொல்ல மாட்டேன். பிள்ளைகளிடம் இவ்வளவு பொறுமை காட்டும் நாய்கள் குறைவு. ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் பக் வந்த காலத்தில் ஊரே மயங்கியதும் அதற்காகத்தான்: போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும். அதிகம் குரைக்காது. காவலுக்கு உதவாது, திருடனிடமும் போய் வாலாட்டும். தனிமை மட்டும் ஆகவே ஆகாது; அந்த வகையில் மாமியார் வீட்டில் இருப்பது நல்லது. ஆனால் அவர் கேட்டதற்குப் பதில்: கொட்டும், வருஷம் பூராவும் கொட்டும். சின்ன முடிதானே என்று நினைக்காதீர்கள். சந்தன நிற பக்குக்குப் பெரும்பாலும் இரட்டை அடுக்கு முடி. கறுப்புத் துணியில் ஒட்டினால் தட்டினாலும் போகாது.

அன்றாட வேலையும் இருக்கிறது. மூக்கு மடிப்பை ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். ஈரம் தங்கினால் புண்ணாகி நாறும். கண் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் சீக்கிரம் அடிபடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீர் வடித்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், ஒரே நாளில் கருவிழிப் புண் ஆழமாகிவிடலாம். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்போடு மாட்டும் ஹார்னஸ்தான் சரி. சின்னவனோ சின்னவளோ கழுத்தைக் கட்டிப்பிடித்து இறுக்கக் கூடாது. சாப்பாட்டில் பக்குக்குப் போதும் என்பதே தெரியாது. தயிர்சாதத்தில் ஒரு உருண்டை, டீயோடு ஒரு பிஸ்கட் என்று வீட்டில் ஆளுக்கொன்று கொடுத்தால் ஆறு மாதத்தில் உருண்டுவிடும். பக்குக்கு ஏறும் ஒவ்வொரு கிலோவும் மூச்சை இன்னும் இறுக்கும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: பக் குட்டி வாங்காதீர்கள். பிள்ளைகளைச் சமாதானப்படுத்தவே முடியாது என்றால், யாராவது வளர்க்க முடியாமல் கைமாற்றும் இரண்டு, மூன்று வயது பக் ஒன்றைத் தேடுங்கள். அந்த வயசில் மூச்சு எப்படி என்பது ஓரளவு தெரிந்துவிடும். வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். பகலில் அந்த ஏ.சி. அறை அதற்கும் மாமியாருக்கும் பொது என்பதையும், கரண்ட் பில்லையும் இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். நடக்கக் கூட்டிப்போவது காலை ஆறரைக்குள், மாலை இருட்டிய பிறகு.

பிள்ளைகள் கேட்பது பின்னாலேயே சுற்றும் ஒரு தோழனை என்றால், தடுப்பூசி போட்ட ஒரு நாட்டு நாய்க் குட்டியை விலங்கு நல அமைப்புகளிடமிருந்து தத்தெடுக்கலாம். வேலூர் வெயில் அதற்குப் புதிதில்லை, மூக்கும் நீளம். வாடகை வீடு என்பதால், எந்த நாயானாலும் வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.