தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பால் கொடுங்கள்

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய், "பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ரொம்ப நல்ல பிள்ளைங்க டிரெசர். அழுகையே இல்லை. ரெண்டு வாய் குடிச்சிட்டு அப்படியே தூங்கிடுது" என்று பாட்டிமார் பெருமையாகச் சொல்வார்கள். மூன்று மாதப் பிள்ளைக்கு இது நல்ல சேதி. மூன்று நாள் பிள்ளை என்றால் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்பது நம் வீடுகளில் பழைய பேச்சு. பிறந்த முதல் இரண்டு வாரத்துக்கு அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள், தாய்மார்களே.

ஏன் இப்படித் தூங்குகிறது?

பிறந்த களைப்பு ஒரு காரணம். பிரசவ வலிக்குத் தாய்க்குப் போட்ட ஊசியின் மயக்கம் பிள்ளைக்கும் கொஞ்சம் இருக்கும். 37 வாரம் முடியாமல் பிறந்த பிள்ளையும் எடை குறைந்த பிள்ளையும் அதிகம் தூங்கும். மஞ்சள் காமாலையும் காரணமாகலாம். துணியில் இறுக்கிச் சுற்றி, சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளைதான் கண் விழிக்கும்?

பால் குறைந்தால் தெம்பு குறையும். தெம்பு குறைந்தால் பசித்து அழக்கூட அதற்கு முடியாது. மேலும் தூங்கும். பார்க்கிறவர்களுக்கு அது சமத்துப் பிள்ளையாகத் தெரியும்.

தாய்க்கும் நட்டம் உண்டு. பால்மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டலாம். தாய்ப்பால் கணக்கு வேறு. இறைக்கிற கிணறு போல, அடிக்கடி கொடுத்தால்தான் ஊறும்.

எத்தனை முறை?

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை. பகலில் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவில் ஒரே தூக்கம் 4 மணி நேரத்துக்கு மேல் போக விடாதீர்கள். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டாம். அளவு கொஞ்சம்தான், ஆனால் நோயைத் தடுக்கும் சக்தி அதில் இருக்கிறது. சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் ஆகாது.

எழுப்புவது எப்படி?

1. சுற்றிய துணியை அவிழ்த்து, நனைந்த துணியை மாற்றுங்கள்.
2. தாயின் வெறும் மார்போடு பிள்ளையின் வெறும் உடம்பைச் சேர்த்து வையுங்கள். முதுகை மட்டும் துணியால் மூடுங்கள்.
3. உள்ளங்காலையும் முதுகையும் மெதுவாகத் தேயுங்கள். பெயர் சொல்லிப் பேசுங்கள்.
4. ஒரு சொட்டுப் பாலைப் பீய்ச்சி உதட்டில் தடவுங்கள்.
5. வாயை அகலத் திறந்ததும், காம்பு மட்டும் அல்லாமல் கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகும்படி கொடுங்கள்.
6. பாதியில் தூங்கினால் மார்பை மெதுவாக அமுக்கிவிடுங்கள். அப்படியும் குடிக்காவிட்டால் ஏப்பம் விடச்செய்து மறுபக்கம் மாற்றுங்கள்.

பிள்ளை உதட்டைச் சப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அப்போதே கொடுங்கள். அழுகை கடைசியில்தான் வரும்.

போதுமான பால் போகிறதா?

நனைந்த துணியை எண்ணுங்கள். முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2, மூன்றாம் நாள் 3. ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது 6. கறுப்பு மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். முதலில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பி வர வேண்டும். வீட்டுக்கு வரும் கிளினிக் மிஸ்ஸியிடம் எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மஞ்சள் காமாலை

இங்கேதான் ஆபத்து. மஞ்சள் பித்தம் மலத்தோடு வெளியேற வேண்டும். பால் குடிக்காத பிள்ளைக்கு மலம் குறையும், மஞ்சள் ஏறும். மஞ்சள் ஏற ஏறத் தூக்கம் கூடும். அளவு மீறினால் மூளையைத் தாக்கும். காது கேளாமலும் கை கால் வராமலும் போகலாம். போனது திரும்பாது.

நம் பிள்ளைகளின் நிறத்தில் மஞ்சள் சீக்கிரம் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் ஈறுகளையும் பாருங்கள். வெயிலில் காட்டுவது வைத்தியம் அல்ல. ஆஸ்பத்திரியில் நீல விளக்கு வைப்பதுதான் வைத்தியம். ஜி6பிடி குறைவு என்று சொன்ன பிள்ளையின் துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடவே கூடாது. நாட்டு மருந்தும் கொடுக்காதீர்கள்.

எழுப்பியும் எழாவிட்டால், இரண்டு தடவை தொடர்ந்து பால் குடிக்காவிட்டால், முதல் நாளே மஞ்சள் தெரிந்தால், உடம்பு 38 டிகிரி சுட்டால் அல்லது சில்லிட்டுத் துவண்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் டிரெசர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிறகு?

பிறந்த எடை திரும்பி, மிஸ்ஸியும் சரி என்றால், எழுப்பும் வேலை முடிந்தது. பிள்ளை கேட்கிறபோது கொடுங்கள். வாரங்கள் போகப் போக அதுவே ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்துப் பட்டினி போட வேண்டாம்.

2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டப்படி பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. தகுதியுள்ள தகப்பனுக்கும் சம்பளத்தோடு 7 நாள் உண்டு. தகப்பன்மார்களே, அந்த 7 நாள் தூண்டில் போடுவதற்கு அல்ல. ராத்திரி 2 மணிக்கு எழுந்து, பிள்ளையின் துணியை மாற்றி, எழுப்பித் தாயிடம் கொடுங்கள். நனைந்த துணியை நீங்களே எண்ணுங்கள்.