அளவறிந்து முடிவெடுத்தல்

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவால் மனுவைத் தாக்கல் செய்தது. நியூயார்க்கில் ஒரு நிறுவனம் வீழ்வதற்கும், நம் நாட்டில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும். சில வாரங்களிலேயே விடை கிடைத்தது. அவ்வாண்டு ஜனவரியில் 21,000 புள்ளிகளைக் கடந்த சென்செக்ஸ் குறியீடு, அக்டோபர் இறுதியில் 8,500 அளவுக்கு இறங்கியது. ஏற்றுமதி குறைந்தது, வேலைவாய்ப்பு சுருங்கியது. பின்னர் 2020-இல் பெருந்தொற்று வந்தபோதும் இதே அச்சம் இல்லந்தோறும் நுழைந்தது.

இத்தகைய காலங்களில் நம் மனத்தில் எழும் முதற்கேள்வி, "இனி என்ன நடக்கும்?" என்பதே. இயல்பான கேள்விதான், ஆயினும் அதற்கு உறுதியான விடை எவரிடமும் இல்லை. பொறுப்புள்ள இல்லறத்தார் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எது நடந்தாலும் என் குடும்பம் தாங்குமா?" முதற்கேள்வி உலகைப் பற்றியது. இரண்டாவது நம்மைப் பற்றியது. ஆகவே விடை காணத்தக்கது.

அவ்விடையைத் தேடுவோர்க்குத் திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து அமைந்த மூன்று அதிகாரங்கள் துணை நிற்கின்றன. 47-ஆவது 'தெரிந்து செயல்வகை', 48-ஆவது 'வலியறிதல்', 49-ஆவது 'காலமறிதல்'. அரசனை முன்னிறுத்திக் கூறப்பட்டவையாயினும், ஓர் இல்லத்தை ஆள்பவர்க்கும் இவை பொருந்துவனவே.

முதற்படி: இழப்பையும் எண்ணுதல்

ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எது, ஆவது எது, பின்னால் விளையும் பயன் எது என மூன்றையும் எண்ணுமாறு வள்ளுவர் வழிகாட்டுகிறார். அவர் இழப்பை முதலில் வைத்திருப்பது கருதத்தக்கது. நாமோ பெரும்பாலும் ஆதாயத்தை மட்டுமே கணக்கிடுகிறோம். வரவிருக்கும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழப்பது அறிவுடைமையன்று என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்து.

இதன் கணக்கு எளியது. 100 ரூபாயில் 60 சதவீதம் இழந்தால் எஞ்சுவது 40 ரூபாய். அந்த 40 மீண்டும் 100 ஆவதற்கு 60 சதவீத வளர்ச்சி போதாது. 150 சதவீத வளர்ச்சி வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவது அரிது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

அதற்காக அஞ்சி ஒதுங்கி, பணத்தை வீட்டில் பூட்டி வைப்பதும் முடிவாகாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், பூட்டி வைத்த பணத்தின் வாங்கும் திறன் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். வங்கி வைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கப்படுகிறது. இவ்வாறு ஒவ்வொரு வழியிலும் பெறுவதும் இழப்பதும் உண்டு. இரண்டையும் அறிந்து தேர்ந்தெடுப்பதே தெளிவு.

இரண்டாம் படி: நம் வலிமையை அறிதல்

மென்மையான மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமை 'வலியறிதல்' அதிகாரத்தில் உள்ளது. இன்றைய மாதத் தவணைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை இல்லை. கைப்பேசிக்கு ஒன்று, வாகனத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் இறகுதான். அச்சு முறிவது அனைத்தும் சேரும்போதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் 20 லட்சம் ரூபாயை 20 ஆண்டுத் தவணையில், 7 சதவீத மாறும் வட்டிக்குக் கடனாகப் பெறுகிறார். மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபாய். வட்டி 9.5 சதவீதமாக உயர்ந்தால் அதே கடனுக்கு மாதந்தோறும் 18,600 ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டும். தவணை மாறாதெனில் கடன்காலம் நீளும். இது வெறும் கற்பனையன்று. 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டி விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. தன் வருவாயின் எல்லை வரை கடன் பெற்றவர் அன்று திணறினார். இடம் விட்டுக் கடன் பெற்றவர் சமாளித்தார்.

ஆகவே கடன் பெறுமுன், "வங்கி எவ்வளவு தரும்?" என்று கேட்பது போதாது. "வட்டி உயர்ந்தாலோ, இருவர் வருவாயில் ஒன்று நின்றாலோ, என்னால் எவ்வளவு செலுத்த இயலும்?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: காலத்தை அறிதல்

2008 ஜனவரியில் இருவர் ஆளுக்கு 5 லட்சம் ரூபாயைப் பங்குகளில் வைத்திருந்ததாகக் கொள்வோம். அவை சந்தைக் குறியீட்டை ஒட்டியே நகர்ந்தன என்றும் கொள்வோம். அக்டோபர் இறுதியில் இருவர் கையிலும் எஞ்சியது ஏறத்தாழ 2 லட்சம். முதலாமவர் அந்தப் பணத்தை அடுத்த தை மாதம் நடக்கவிருந்த மகள் திருமணத்துக்கென வைத்திருந்தார். விற்றே ஆக வேண்டும். இழப்பு நிலையாயிற்று, போதாததற்குக் கடனும் சேர்ந்தது. இரண்டாமவருக்கு அது பத்தாண்டுகளுக்குப் பிறகு தேவைப்படும் பணம். ஓராண்டுக் குடும்பச் செலவு வங்கியில் தனியே இருந்தது. அவர் காத்திருந்தார். 2010 நவம்பரில் குறியீடு மீண்டும் 21,000-ஐத் தொட்டது.

இருவருக்கும் சந்தை ஒன்றே; வீழ்ச்சியும் ஒன்றே. முதலாமவர் உலகப் பொருளாதாரத்தைக் கணிக்கத் தவறியதால் துன்புறவில்லை. மகளின் திருமண நாளை அறிந்திருந்தும், அதற்குரிய பணத்தை நாளறியாத இடத்தில் வைத்ததால் துன்புற்றார். வீழ்ந்த பங்குகள் அனைத்தும் மீண்டெழும் என்பது இதன் பொருளன்று. மீளாமல் மறைந்த நிறுவனங்களும் உண்டு. விரைவில் தேவைப்படும் பணத்துக்குக் காத்திருக்கும் ஆற்றல் இல்லை என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

வேலையை விடுதல், தொழில் தொடங்குதல், பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புதல் ஆகிய வாழ்க்கை முடிவுகளுக்கும் இம்மூன்று அளவுகோல்களே போதுமானவை.

முடிவெடுக்கும் மனம்

இவ்வளவு அறிந்தும் நாம் ஏன் தவறுகிறோம்? சந்தை ஏறும்போது அண்டை வீட்டாரின் ஆதாயம் நம் ஆசையைத் தூண்டுகிறது. இறங்கும்போது தொலைக்காட்சிச் செய்தி நம் அச்சத்தைத் தூண்டுகிறது. இரு வேளைகளிலும் முடிவெடுப்பவர் நாமல்லர், ஆசையோ அச்சமோதான். ஆகவே கலங்கிய நாளில் பெரிய முடிவு எதையும் எடுக்காதிருப்பது நல்ல நியமம். காரணத்தை எழுதி வைத்து, வாழ்க்கைத்துணையுடன் பேசி, சில நாட்களுக்குப் பின் மீண்டும் படித்துப் பார்க்கலாம். வீட்டாரிடம் மறைத்துச் செய்ய வேண்டியிருக்கும் முதலீடு எதுவாயினும், அந்த மறைப்பே அதைத் தவிர்க்கப் போதிய காரணம்.

நன்கு எண்ணி எடுத்த முடிவும் சிலவேளை இழப்பில் முடியலாம். அதற்காக நம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. விளைவு முழுவதும் நம் கையில் இல்லை; எண்ணிச் செயல்படுவது மட்டுமே நம் கையில் உள்ளது. அதைக் குறைவறச் செய்தவருக்கு இழப்பு நேர்ந்தாலும் உறக்கம் கெடுவதில்லை.

சிந்தனைக்கு

1. நம் வருவாய் ஆறு மாதங்கள் நின்றுபோனால் குடும்பம் எவ்வாறு நடக்கும்?
2. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணம் எவ்வளவு? அது இப்போது எங்கே உள்ளது?
3. நம் மாதத் தவணைகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தது எப்போது?
4. கடைசியாக நாம் எடுத்த பெரிய முடிவு தெளிவில் பிறந்ததா, ஆசையிலா, அச்சத்திலா?