பட்டிப் பொங்கலுக்குப் பன் மாடுகள்

உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் மாட்டுப் பொங்கலுக்கு உருவாரம் வைப்பார்கள். மண்ணில் செய்த மாடும் கன்றும் வரிசையாக நிற்கும். அதே மாட்டை ரொட்டி மாவில் செய்தால் நோம்பிச் சாப்பாட்டுக்குப் பன் ஆச்சு, லீவுக்கு வந்த பொடுசுகளுக்கு அரை நாள் வேலையும் ஆச்சு. ஆனால் மண் வைத்தபடி நிற்கும். ஈஸ்ட் போட்ட மாவு நிற்காது. உப்பும், பரவும், மூக்கும் காதும் ஒன்றாகிப் போகும். கீழே உள்ள குறிப்புகளில் பாதி அதைச் சமாளிக்கத்தான். கிறிஸ்துமஸ் விருந்துக்கும் இதே முறைதான்.

1. மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், நாட்டுச்சர்க்கரை 60 கிராம், உப்பு 8 கிராம், வெண்ணெய் 50 கிராம், பால் 220 மி.லி., தண்ணீர் 50 மி.லி. இதில் பன்னிரண்டு பதின்மூன்று மாடு வரும். சாதாரண பன்னுக்குப் பிசைவதைவிடக் கெட்டியாக, சப்பாத்தி மாவு பக்குவத்தில் இருக்க வேண்டும். தளர்ந்த மாவில் மிருதுவான பன் வரும், மாடு வராது.

2. நாட்டுச்சர்க்கரையை நேராகச் சூடான பாலில் போடாதீர்கள், திரிந்துவிடும். அந்த 50 மி.லி. தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறிய பிறகு வெதுவெதுப்பான பாலில் சேருங்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை என்றாலும் வடிகட்டத்தான் வேண்டும். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். கோழிக் குழம்புக்குத் தொட்டுச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி போதும்.

3. ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் நல்லது. உருக்க வேண்டாம்; மாவு ஒன்று சேர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். டேபிள் டாப் கிரைண்டரோடு வந்த மாவு பிசையும் பாகம் பல வீடுகளில் டப்பாவை விட்டு வெளியே வந்தே இருக்காது. அதை எடுங்கள். கெட்டி மாவு என்பதால் பாதி பாதியாகப் பிசைந்தால் மோட்டார் தாங்கும்.

4. முட்டை சேர்க்காத வீட்டில் ஒரு சிட்டிகை ஈரோட்டு மஞ்சள் தூள் போட்டால் முட்டை போட்ட ரொட்டியின் நிறம் வந்துவிடும். ஒரு சிட்டிகைதான், கூடினால் வாசம் காட்டிக்கொடுக்கும்.

5. தை மாதக் குளிரில் மாவு சோம்பேறியாகக் கிடக்கும். இட்லிப் பானையில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, தட்டுக்கு மேல் மாவுக் கிண்ணத்தை வைத்து மூடுங்கள். அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மாவைப் பாருங்கள்: இரண்டு மடங்கானால் போதும்.

6. நோம்பியன்று காலையில் பட்டி வேலையும் சமையலும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். முதல்நாள் இரவே ஈஸ்டைப் பாதியாகக் குறைத்துப் பிசைந்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இதில் இன்னொரு லாபம், குளிர்ந்த மாவு சொன்னபடி கேட்கும். உருவம் பிடிக்க இதைவிடத் தோதான மாவு கிடையாது.

7. முதன்முதலாகச் செய்பவர்கள் முதலையில் தொடங்கலாம். இலங்கை பேக்கரிகளில் விற்கும் கிம்புலா பணிஸ் முதலை வடிவப் பன்தான். மாவைத் தேய்த்து இறுக்கிச் சுருட்டி, முனைகளைக் கூராக்கி, மேலே சர்க்கரை தூவிச் சுடுவது. கண்ணும் இல்லை, காலும் இல்லை.

8. இனி காங்கேயம் மாடு. நிற்கும் மாடு வேண்டாம், கால் மடிந்துவிடும்; படுத்து அசைபோடும் மாடாகச் செய்யுங்கள். உடலுக்கு 50 கிராம் உருண்டையை நீள்வட்டமாக்குங்கள். தலைக்கு 10 கிராம். திமிலை உடலிலிருந்தே கிள்ளி எழுப்பினால் வேகும்போது அமுங்கிவிடும். கட்டை விரலால் முதுகில் ஒரு குழி பறித்து, துளி பால் தடவி, சுண்டைக்காய் அளவு உருண்டையை அதில் உட்கார வையுங்கள். கொம்பை மாவில் செய்யவே கூடாது, உப்பிக் காதாகிவிடும். முந்திரியை இரண்டாகப் பிளந்தால் கொம்பின் வளைவு அதிலேயே இருக்கிறது; உருவம் பிடித்த மாவு இரண்டாம் முறை எழும்பிய பிறகு பாதி ஆழத்துக்குச் செருகுங்கள்.

9. கண்ணுக்கு மிளகும் கிராம்பும் போடச் சொல்வார்கள். குழந்தைகள் கடித்தால் அழுகைதான். கறுப்பு உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்து, பல்குச்சியால் ஆழமாகத் துளையிட்டு அழுத்துங்கள். மேலாக ஒட்டினால் உதிர்ந்துவிடும், ஊறாவிட்டால் கருகிவிடும்.

10. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் எப்போதாவது கண்ணில் படும் முள்ளெலியும் சுலபம். உருண்டையின் ஒரு முனையை மூக்காக இழுத்துவிட்டு, நன்றாக எழும்பிய பிறகு, கத்தரிக்கோலை எண்ணெயில் நனைத்துச் சாய்வாக ஒரு சென்டிமீட்டர் ஆழம் வெட்டிக்கொண்டே போங்கள். எழும்புமுன் வெட்டினால் முள்ளெல்லாம் திரும்ப ஒட்டிக்கொள்ளும். மயில் மட்டும் வேண்டாம், தோகை நிற்காது. தோட்டத்தில் அவை செய்யும் அழிம்பே போதும்.

11. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், மாதங்கள் போகப் போகத்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். எனவே பாலில் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கரைத்து மேலே தடவினால் கன்று. சாம்பல் நிற மயிலை மாடு வேண்டுமென்றால் எதையும் தடவாமல் மைதாவைச் சலித்துத் தூவிச் சுடுங்கள்.

12. ஓவனைப் பத்து நிமிடம் சூடாக்கி, 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஒரே தட்டில் ஒரே அளவு உருவங்களை வையுங்கள். முதலை வேகும் நேரத்தில் முள்ளெலி கருகிவிடும். அடிப்பக்கம் தட்டினால் பொள்ளென்று சத்தம் வர வேண்டும்.

13. ஓவன் இல்லையா? அடிகனமான பாத்திரத்தில் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடிச் சூடாக்கி, சிறு தீயில் அரை மணி நேரம். குக்கர் என்றால் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றியே ஆக வேண்டும். மேல்பக்கம் சிவக்காது. எடுத்தவுடன் வெண்ணெய் தடவுங்கள், மயிலை மாடு என்று சொல்லிவிடலாம்.

14. முழுதாக ஆறிய பிறகு துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும். மறுநாள் இட்லித் தட்டில் இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். தட்டின் மேல் ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடி நனைந்துவிடும்.