மீஞ்சூரிலிருந்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் மாநாட்டுக்கு

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்குப் பழவேற்காட்டில் மீன்பிடித் தொழில். என் படிப்புக்காக மீஞ்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ‘ஹைபிசி’ என்ற உயர்திறன் கணிப்பு மாநாட்டைப் பற்றி எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். அதெல்லாம் ஐஐடி பிள்ளைகளுக்கானது என்கிறார்கள் தோழிகள். “இதுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்கிறார் அப்பா. நான் பங்கெடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? செலவுக்கு வழி உண்டா? ஆங்கிலத்தில் பேசவும் தயக்கமாக இருக்கிறது.
— மாணவி, மீஞ்சூர்

பதில்: பங்கெடுக்க முடியும். அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாநாட்டுக்கான உங்கள் வழி அதற்குள்தான் இருக்கிறது.

கடலுக்குக் கிளம்பும் முன் அலை எவ்வளவு எழும், காற்று எப்படி என்று இன்று பலரும் செல்போனில் பார்க்கிறார்கள். அந்தத் தகவல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்திலிருந்து வருகிறது. 1999-ல் தொடங்கப்பட்ட மையம் அது. மீன் கூடும் இடங்களையும் சுனாமி எச்சரிக்கையையும் சொல்வது அவர்களே. வானிலைக் கணிப்புக்காக 2024 செப்டம்பரில் புணேயில் ‘அர்க்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்று இரண்டு பெரிய கணினிகள் இயக்கிவைக்கப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மீனவர்களைக் கரைக்குத் திரும்பச் சொன்ன எச்சரிக்கைகளுக்குப் பின்னாலும் இத்தகைய இயந்திரங்களின் கணக்கு இருந்தது. ஆயிரக்கணக்கான பிராசசர்களை ஒரே கணக்கில் சேர்ந்து உழைக்க வைப்பது எப்படி என்பதுதான் நீங்கள் போக விரும்பும் மாநாட்டின் பேச்சு. உங்கள் அப்பா அதன் பயனாளி. சம்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது.

ஹைபிசி 1990-களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில், பெரும்பாலும் இந்திய நகரம் ஒன்றில் நடந்துவருகிறது. அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் விக்டர் பிரசன்னா தொடங்கிவைத்தது. பெங்களூரு, ஐதராபாத், கோவா என்று இடம் மாறும். 1998-ல் சென்னையிலேயே நடந்தது. இந்தத் துறை சென்னைக்குப் புதிதும் அல்ல. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 144 கணினிகளை இணைத்துக் கட்டிய ‘கப்ரு’ 2004-ல் உலகின் அதிவேகமான 500 கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. ஐஐடி விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இத்துறைப் பேராசிரியராக இருக்கும் சதீஷ் வடியார் பி.இ. படித்தது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில். அங்கிருந்து டென்னசி பல்கலைக்கழகம் வரை போய் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். தோழிகளிடம் இதைச் சொல்லுங்கள்.

முழு ஆய்வுக் கட்டுரை உங்களுக்கு இப்போது வேண்டாம். வருபவற்றில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படும். முனைவர் பட்ட மாணவர்களே திணறுவார்கள். ஹைபிசியில் ‘மாணவர் ஆய்வரங்கு’ என்று தனிப் பகுதி உண்டு. அதற்குச் சுருக்கமான ஆய்வறிக்கை போதும். தேர்வானால் போஸ்டர் வைத்துக்கொண்டு நின்று விளக்கலாம். இதுதான் உங்கள் வாசல்.

எதை ஆராய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு நிரலை ஜிபியு என்ற வரைகலைப் பிராசசரில் ஓட்டி, வேகம் கூடியது என்று எழுதி அனுப்புவார்கள். அது நிற்காது. உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது: பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். மணல் சேர்ந்து அது தூர்ந்துபோனால் ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீர் மாறுவது குறைகிறது. இறால் வரத்து குறைகிறது. படகு வெளியே போகத் தவிக்கிறது. முகத்துவாரம் எவ்வளவு அகலமாக இருந்தால் ஏரிக்குள் எவ்வளவு கடல்நீர் ஏறும்? இது கணினியில் போட்டுப் பார்க்கக்கூடிய கேள்வி.

கணக்கின் அளவைப் பாருங்கள். மழைக்காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும் ஏரி. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 45 லட்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் உயரம், வேகம், திசை ஆகியவற்றை விநாடிக்கு ஒருமுறை கணக்கிட வேண்டும் என்று வைத்தால், ஒரு நாள் ஏற்ற இறக்கத்துக்குச் சுமார் 39 ஆயிரம் கோடி கட்டக் கணக்குகள். பிராசசரின் கணக்கிடும் அலகான ஒரு கோர், விநாடிக்கு ஒரு கோடி கட்டங்களை முடிக்கிறது என்றால் கிட்டத்தட்ட 11 மணி நேரம் ஆகும். முகத்துவாரம் இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்று கட்டத்தை ஐந்து மீட்டராக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். வேலை எட்டு மடங்கு. மூன்றரை நாள் ஓடும். அதற்குள் கேட்ட கேள்வியே பழையதாகிவிடும்.

ஏரியை 16 துண்டாக்கி 16 கோர்களுக்குக் கொடுத்தால் 16 மடங்கு வேகம் வருமா? வராது. ஒவ்வொரு துண்டின் ஓரக் கட்டத்துக்கும் பக்கத்துத் துண்டின் நீர்மட்டம் தெரிய வேண்டும். அதைக் கேட்டு வாங்கக் காத்திருக்க வேண்டும். கோப்பைப் படிப்பது போன்ற சில வேலைகளைப் பிரிக்கவே முடியாது. அப்படிப் பிரிக்க முடியாத பகுதி வெறும் 5 சதவீதம் இருந்தாலே, 16 கோர்களில் சுமார் 9 மடங்கு வேகம்தான் கிடைக்கும். எத்தனை ஆயிரம் கோர் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதம் இது. இன்னொரு சிக்கல், ஏரியின் பல இடங்கள் கோடையில் வறண்டுவிடும். வறண்ட துண்டு யாரிடம் போனதோ அந்தக் கோர் சும்மா இருக்கும். முகத்துவாரத் துண்டு வைத்திருப்பது திணறும். நீர் ஏறி இறங்க இந்தச் சுமை இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதை எப்படிச் சமமாகப் பங்கிடுவது? மாநாட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பது இந்த இடத்தில்தான். ஏரியின் துயரத்தை மட்டும் எழுதினால் அனுதாபப்படுவார்கள், தேர்வு செய்ய மாட்டார்கள். எங்கே நேரம் வீணாகிறது என்று அளந்து, 1, 2, 4, 8, 16 கோர்களில் எடுத்த நேரத்தை வரைபடமாக வைத்து, இதைச் சரிசெய்ய இன்னது செய்தேன், இவ்வளவு மிச்சமானது என்று காட்டுங்கள். பயன் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. அளவு நேர்மையாக இருக்க வேண்டும்.

நிரலை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. ஆஸ்திரேலியர்கள் உருவாக்கிய ‘அனுகா’ என்ற வெள்ள, அலை மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானில் இயக்கலாம், பல கோர்களிலும் ஓடும். அதில் தொடங்குங்கள். ஆழ விவரம்தான் கஷ்டம். உலகக் கடல் ஆழ வரைபடங்களில் ஒரு கட்டமே சுமார் 450 மீட்டர்; உங்கள் முகத்துவாரம் அதில் தெரியவே தெரியாது. அங்கே எந்தப் பக்கம் ஆழம், எந்த மாதத்தில் மணல் எங்கே ஏறும் என்பது கம்பு ஊன்றிப் படகு தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். அப்பாவோடு போய் அளந்து குறித்து வாருங்கள். யார் உதவினார்களோ அவர்கள் அனுமதியோடு அறிக்கையில் நன்றி எழுதுங்கள். அந்த அளவீடே பிறகு இன்னொருவருக்கும் பயன்படும்.

படிப்புக்கு என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் மேத்யூ ஜேக்கப் நடத்திய உயர்திறன் கணிப்புப் பாடமும், சௌம்யஜித் தேவின் ஜிபியு பாடமும் இலவசம். 2015-ல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சி மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில் இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து புறநகர் ரயிலில் வந்து வண்டி மாறினால் போய்விடலாம். அவர்கள் நடத்தும் பயிலரங்குகளைக் கவனித்து விண்ணப்பியுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பில் மாணவர் உறுப்பினராக இருந்தால் பொதுவாக இன்னும் குறையும். அறிக்கை தேர்வான கடிதம் கையில் இருந்தால் கல்லூரியிடம் உரிமையோடு பயணப்படி கேளுங்கள். கணினித் துறைப் பெண்கள் ஆய்வு மாநாடுகளுக்குப் போக ஏசிஎம் அமைப்பின் பெண்கள் பிரிவு உதவித்தொகை தருகிறது. பின்னாளில் அமெரிக்காவில் நவம்பரில் நடக்கும் ‘எஸ்சி’ மாநாட்டுக்கு மாணவத் தொண்டராக விண்ணப்பிக்கலாம். 2024-ல் அட்லாண்டாவில் ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் கூடிய மாநாடு அது. தொண்டர்களுக்கு நுழைவும் தங்குமிடமும் உண்டு. விசா, விமானச் செலவுக்குத் தனியே வழி தேட வேண்டும். அவசரம் இல்லை.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். ‘சர்வதேச மாநாடு’ என்று மின்னஞ்சல் அனுப்பி, பணம் கட்டினால் நான்கு நாளில் கட்டுரையை ஏற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டும் பணம் அங்கே போவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள், முந்தைய ஆண்டுக் கட்டுரைகள் எங்கே வெளியாயின, மதிப்பீட்டாளர் எழுதிய கருத்துகள் உங்களுக்கு வருமா என்று பாருங்கள். குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் கற்க எதுவும் இல்லை.

ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். போஸ்டர் முன் நிற்கும்போது வருகிறவர் கேட்பது உங்கள் வரைபடத்தைப் பற்றித்தான். முதலில் தமிழில் முழுவதும் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே புரிதலில் ஓட்டை இருக்கிறது. அது அடைபட்டபின் ஆங்கிலத்தில் சிறு வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள்.

மாணவர் ஆய்வரங்குக்கான அறிவிப்பு பொதுவாக ஆண்டின் பிற்பாதியில் வரும். அதற்குள் சிறிய கட்டத்தில், ஒரே ஒரு நாள் ஏற்ற இறக்கத்துக்கு மாதிரியை ஓட்டிவிடுங்கள். வழிகாட்டியாகக் கையெழுத்திடச் சொல்லி உங்கள் பேராசிரியரை இந்த வாரமே கேளுங்கள். முதல் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், படித்துக் கருத்து எழுதுகிறேன்.