வளரிளம் பருவத்தினருக்குப் போதைப் பொருள் பற்றிய கல்வி: சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் படிப்பினை

நாட்டின் வளர்ச்சிக்காக வகுக்கப்படும் திட்டங்கள் யாவும் இன்றைய மாணவர் நாளை உடல்நலமும் அறிவுத் தெளிவும் உடைய குடிமக்களாக விளங்குவர் என்னும் நம்பிக்கையின் மீதே எழுப்பப்படுகின்றன. 13 வயதிலிருந்து 19 வயது வரையிலான பருவத்தில் புகையிலை, மது, போதைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு இரையாகும் இளைஞன் தன் படிப்பை இழக்கிறான். அவன் குடும்பம் தன் சேமிப்பை இழக்கிறது. நாடு ஓர் உழைப்பாளியை இழக்கிறது. இந்த இழப்பைச் சட்டம் மட்டும் தடுக்குமா, கல்வி மட்டும் தடுக்குமா, இரண்டும் இணைந்து செயற்படுவது எவ்வாறு என்ற கேள்விகளுக்கு விடை காண, ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாறு பெரிதும் உதவுகிறது.

மதுவிலக்கின் முன்னோடி மாவட்டம்

பழைய சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1938இல், அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது; 1939இல் வடஆர்க்காடு சேர்ந்தது. நாட்டில் மதுவிலக்கை முதன்முதல் கண்ட மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்றாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1948இல், மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மதுவிலக்கும் உடன் சென்றது. அப்பிரச்சினையின் மீதே பிரகாசம் தலைமையிலான அமைச்சரவை 1954இல் கவிழ்ந்தது.

பின்னர் மதுவிலக்குத் தளர்ந்தது. சாராய ஏலம் அரசு வருவாயின் முக்கிய ஊற்றாயிற்று. 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என். டி. ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொண்டு வந்தது. 1997இல் அதுவும் தளர்த்தப்பட்டது. இவ்வாறு சட்டம் வருவதும் போவதுமாக இருந்ததை இவ்வட்டாரத்தின் முதியோர் தம் வாழ்நாளிலேயே பலமுறை கண்டுள்ளனர். சட்டம் இன்றியமையாதது, ஆயினும் சட்டம் இல்லாத நாளிலும் மாணவனுக்குத் துணை நிற்கக் கூடியது அவன் பெற்ற அறிவேயாகும்.

ஒரு பாடம் செய்த பணி

1993ஆம் ஆண்டுத் தடைக்கு வித்திட்டது சித்தூரை அடுத்த நெல்லூர் மாவட்டத்தின் எழுத்தறிவு இயக்கமாகும். அங்கு வயது வந்தோருக்கான பாட நூலில் சீதம்மா என்னும் பெண்ணின் கதை ஒரு பாடமாக வைக்கப்பட்டிருந்தது. சாராயத்தால் சீரழியும் குடும்பங்களையும், ஊர்ப் பெண்கள் கூடிக் கடையை மூடச் செய்வதையும் அது எளிய சொற்களில் கூறியது. இரவுப் பள்ளியில் அதனைப் படித்த தூபகுண்டா கிராமப் பெண்கள் தம் ஊரிலும் அவ்வாறே செய்ய முற்பட்டனர். 1992இல் அந்த முயற்சி பெரும் இயக்கமாக வளர்ந்து, சித்தூர் உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் பரவியது. இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் வர்த்தினேனி ரோசம்மா. 2022இல் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் சூலூர்ப்பேட்டை, வெங்கடகிரி முதலிய பகுதிகள் அதனுடன் இணைக்கப்பட்டமையால், இவ்வரலாறு இன்று திருப்பதிக்கும் உரியதாகிறது.

ஆசிரியர்கள் கருத வேண்டியது, அப்பாடம் வெற்றி பெற்றதன் காரணமாகும். அது குடியைப் பற்றி அறிவுரை வழங்கவில்லை. படிப்பவரின் வீட்டுக் கணக்கையும் ஊரின் நிலையையும் அவர் கண் முன் வைத்தது. தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்று காட்டியது. வளரிளம் பருவத்தினருக்கான பாடமும் இவ்வகையிலேயே அமைய வேண்டும்.

இவ்வட்டாரத்தின் தனித்தன்மை

சித்தூர் மாவட்டம் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் ஒட்டியது. மூன்று மாநிலங்களின் சுங்க விதிகளும் விலைகளும் வேறுபடுவதால், எல்லைச் சாலைகளில் மதுக் கடத்தல் எளிதில் தலைதூக்கும். விசாகப்பட்டினம் மலைப் பகுதியில் விளைந்த கஞ்சா தென்னிந்திய நகரங்களுக்குக் கடத்தப்பட்டு வந்ததால், அதனை அழிக்க ஆந்திரக் காவல் துறை 2021இல் ‘பரிவர்த்தனா’ என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. திருப்பதியோ கல்வி நகரம். 1954இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், பிற்காலத்தில் வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றை நாடிப் பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் தங்கும் இளைஞர் பலர்.

திருமலையில் மது, புகையிலை ஆகியவற்றுக்குத் தடை உண்டு. அலிபிரிச் சோதனைச் சாவடியில் அவை பறிமுதல் செய்யப்படுகின்றன. மலைமீது காக்கப்படும் ஒழுங்கு மலையடிவாரத்துப் பள்ளி வாயிலிலும் காக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

பாடத்தின் நான்கு பிரிவுகள்

முதலாவது, மருந்துகள். போதைப் பொருள் பற்றிய பாடத்தை மருந்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில் மருந்து எல்லா வீடுகளிலும் உள்ளது. உரிய நோய்க்கு, உரிய அளவில், உரிய காலம் வரை உட்கொள்ளும்போதே அது மருந்து. காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் பாரசிட்டமால்கூட அளவு மீறினால் கல்லீரலை அழிக்கும். மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருப்பின் மருத்துவர் சீட்டு இன்றி வாங்கலாகாது என்பதை மாணவர் அறிய வேண்டும். தூக்க மாத்திரைகள், கோடீன் கலந்த மருந்துகள், டிரமடால் முதலியவை ‘எச்-1’ அட்டவணையில் அடங்குவன. இவற்றை விற்கும் மருந்துக் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இவ்விதி 2014 முதல் நடைமுறையில் உள்ளது.

இரண்டாவது, புகையிலை. பீடி, சிகரெட், குட்கா எவ்வடிவில் வரினும் அடிமைப்படுத்துவது நிகோட்டின் என்னும் பொருளே. புகையை இழுத்த சில நொடிகளில் அது மூளையை எட்டுகிறது. 2019இல் நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவருள் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். மெல்லும் புகையிலைப் பழக்கம் கொண்ட மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் 10 வயது நிறைவதற்கு முன்பே அதனைத் தொடங்கியிருந்தனர். உயர்நிலை வகுப்பு வரை இப்பாடத்திற்காகக் காத்திருத்தல் காலங்கடந்த செயலாகும் என்பதை இவ்விவரம் உணர்த்துகிறது.

மூன்றாவது, மது. வளரும் மூளையின் நினைவாற்றலையும் முடிவெடுக்கும் திறனையும் மது பாதிக்கிறது. அது புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே வகைப்படுத்தியது. கள்ளச்சாராயத்தின் கேடு இன்னும் கொடியது. அதில் கலக்கும் மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வையையும் பின்னர் உயிரையும் பறிக்கிறது. 2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் இத்தகைய சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேதியியல் வகுப்பில் ஆல்கஹால் பற்றிய பாடம் வரும்போது எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சியோடு இணைத்து விளக்கினால், மாணவர் அதனை மறக்க மாட்டார்கள்.

நான்காவது, சட்டம் தடை செய்த போதைப் பொருள்கள். கஞ்சா, அபினி, ஹெராயின் முதலியவை 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. கஞ்சா மூலிகைதானே, அதனால் தீங்கில்லை என்ற தவறான எண்ணம் இளைஞரிடையே உலவுகிறது. இளமையில் தொடங்கும் கஞ்சாப் பழக்கம் கவனத்தையும் நினைவாற்றலையும் குன்றச் செய்வதோடு, சிலரிடம் கடும் மனநோய்க்கும் வழிகோலுகிறது. தடை செய்யப்படாத பொருள்களையும் இப்பிரிவில் சேர்த்தே கற்பிக்க வேண்டும். சைக்கிள் டியூப் ஒட்டும் பசை, பெயின்ட் கலக்கும் தின்னர், எழுத்தை அழிக்கும் வெள்ளைத் திரவம் ஆகியவற்றை முகர்ந்து மயங்கும் பழக்கம் பெரியவர்களைவிடச் சிறுவரிடையே மிகுதி. புது டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 17 வயது வரையுள்ளோருள் 1.17 விழுக்காட்டினரும், பெரியோருள் 0.58 விழுக்காட்டினரும் இவற்றை முகர்வதாகக் கண்டது. இப்பழக்கத்திலிருந்து விடுபட உதவி தேவைப்படும் சிறுவர் 4.6 லட்சம் பேர் என்றும் அது மதிப்பிட்டது.

கற்பிக்கும் முறை

அச்சுறுத்திக் கற்பித்தலால் நீடித்த பயன் விளைவதில்லை. 1983இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் காவலரை வகுப்பறைக்கு அனுப்பி அறிவுறுத்தும் திட்டம் ஒன்று தொடங்கி நாடெங்கும் பரவியது. பின்னர் நடந்த மதிப்பீடுகளில், அத்திட்டத்தின் பழைய வடிவம் மாணவரின் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க நிலையான மாற்றத்தை விளைவிக்கவில்லை எனத் தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வலியுறுத்திய வாழ்க்கைத் திறன் கல்வியோ முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆய்ந்து சிந்தித்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் முதலிய 10 திறன்களைப் பயிற்றுவிக்கிறது.

வகுப்பறையில் இதனை எளிய பயிற்சிகளாக அமைக்கலாம். ஒரு வெற்று மருந்து அட்டையைக் கொடுத்துப் பெயர், காலாவதி நாள், சிவப்புக் கோடு ஆகியவற்றைப் படிக்கச் செய்யலாம். நாளொன்றுக்கு 20 ரூபாய் புகையிலைக்குச் செலவிடுபவர் ஓராண்டில் இழக்கும் தொகை 7,300 ரூபாய் என்று கணக்கிட வைத்து, அத்தொகையில் குடும்பம் வாங்கக் கூடியவற்றைப் பட்டியலிடச் செய்யலாம். நண்பன் சிகரெட்டை நீட்டும்போது நட்பு முறியாமல் மறுப்பது எவ்வாறு என்பதை இருவர் இருவராக நடித்துப் பழகச் செய்யலாம். சித்தூர், புத்தூர், நகரி பகுதிகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுக்கான விளக்கவுரைகள் தெலுங்கோடு தமிழிலும் அமைதல் நலம்.

இத்தகைய பணிக்கு அமைப்பும் உள்ளது. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் அரசுப் பள்ளிதோறும் இரண்டு ஆசிரியரை நலத் தூதுவராகப் பயிற்றுவிக்க வழி செய்கிறது; அதன் 11 தலைப்புகளுள் போதைப் பழக்கத் தடுப்பும் ஒன்றாகும். பள்ளிப் பாடத்திட்டத்தில் இப்பொருள் இடம்பெற வேண்டும் என உச்ச நீதிமன்றமும் 2016 டிசம்பரில் அறிவுறுத்தியது.

அலுவலர்களின் பொறுப்பு

கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதையும், 18 வயது நிறையாதோருக்கு விற்பதையும் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் தடை செய்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுஞ்சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பாடம் நடக்கும் பள்ளியின் வாயிலிலேயே குட்கா பொட்டலங்கள் தொங்கினால், மாணவர் பாடத்தை நம்புவதற்கில்லை. கல்வி, காவல், சுகாதாரம், மருந்துக் கட்டுப்பாடு ஆகிய துறைகளின் அலுவலர் கூடிப் பள்ளிச் சுற்றுப்புறத்தைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பார்வையிடுதல் அவசியம்.

இதனினும் முக்கியமானது, பழக்கத்துக்கு ஆளான மாணவனை நடத்தும் முறை. பள்ளியின் நற்பெயரைக் காக்க எண்ணி அவனை வெளியேற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. ஆசிரியரின் கண்காணிப்பிலிருந்தும் வகுப்புத் தோழரின் நட்பிலிருந்தும் பிரிக்கப்பட்ட சிறுவன் நேரே சென்று சேருமிடம் போதை வணிகனின் கூட்டமேயாகும். சட்டமும் இங்கு இரக்கம் காட்டுகிறது: போதைப் பொருளுக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெறின், சிறிய அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-அ பிரிவு இடமளிக்கிறது. போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய உதவி எண்ணும், மனநலத்திற்கான 14416 என்ற எண்ணும் கட்டணமின்றி இயங்குகின்றன. இவ்விரு எண்களும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் விடுதிச் சுவரிலும் நிலையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

முடிவுரை

மது, போதைப் பொருள்களை மருத்துவத் தேவைக்கன்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என நம் அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு கூறுகிறது. மருந்தையும் போதையையும் பிரித்தறியும் அறிவு அந்த வாசகத்திலேயே அடங்கியுள்ளது. அதனை ஒவ்வொரு மாணவருக்கும் உரியதாக்குவதே கல்வியின் கடமை. முதியோர் பாட நூலின் ஒரு பாடம் ஒரு மாநிலத்தின் கொள்கையை மாற்றிய மண் இது. ஆசிரியர் நேர்மையுடன் கற்பித்து, அலுவலர் விழிப்புடன் சட்டத்தைச் செயற்படுத்தி, பெற்றோர் பிள்ளைகளோடு மனம் திறந்து பேசுவார்களாயின், இளைய தலைமுறைக்கான பாடமும் அத்தகைய பயனை நல்கும் என உறுதியாக நம்பலாம்.