மருந்து தெளித்த பாத்தியை நிறத்தால் அறிதல்

மரக்கறித் தோட்டத்தில் எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே நாளில் மருந்து தெளிக்கப்படுவதில்லை. கத்தரிக்கு ஒரு நாளும், போஞ்சிக்கு வேறொரு நாளும், மிளகாய்க்கு மற்றொரு நாளும் தெளிக்க நேரும். தெளிப்பவர் ஒருவராகவும் காய் பறிப்பவர் இன்னொருவராகவும் இருப்பதுண்டு. சந்தைக்கு லொறி வந்து நிற்கும் காலையில், எப்பாத்தியின் தவணை முடிந்தது என்பதை ஞாபகத்தை மட்டும் நம்பிக் கூறுதல் அரிது. தவணைக்கு முன் பறிக்கப்பட்ட காயில் நஞ்சின் எச்சம் மிகுதியாக இருத்தல் கூடும். அக்காயை வாங்குவோரும் உண்பர். கமக்காரரின் பிள்ளைகளும் உண்பர்.

இலங்கையில் பீடைகொல்லிகள் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்படுகின்றன. இறுதித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களைச் சுட்டுத்துண்டிற் காணலாம். இவை மருந்துக்கு மருந்தும் பயிருக்குப் பயிரும் வேறுபடும். கைத்தொலைபேசியிலுள்ள விரிதாள் இந்நாட்களைக் கணித்து, பறிக்கலாகாத பாத்தியைச் சிவப்பு நிறத்தாற் காட்ட வல்லது. கூகிள் சீற்ஸ் எனும் செயலியில் இதனைச் செய்யும் முறை கீழே தரப்படுகிறது.

அட்டவணையை ஆயத்தஞ் செய்தல்

முதலாம் நிரையில் ஐந்து தலைப்புகளை எழுதுதல் வேண்டும். அவையாவன: பாத்தி, பயிரும் மருந்தும், தெளித்த திகதி, விடவேண்டிய நாட்கள், பறிக்கக்கூடிய திகதி. ஒவ்வொரு தெளிப்புக்கும் ஒவ்வொரு நிரை வேண்டும்.

ஐந்தாம் நிரலில் திகதியைக் கையால் எழுதலாகாது. அக்கலத்திற் சமக்குறியை இட்டு, தெளித்த திகதியுள்ள கலத்தைத் தொட்டு, கூட்டற்குறியை இட்டு, நாட்களுள்ள கலத்தைத் தொட்டு முடித்தல் வேண்டும். ஒரு கத்தரிப் பாத்திக்கு 2026-01-03 அன்று தெளித்து, சுட்டுத்துண்டில் 14 நாட்கள் எனக் கண்டிருப்பின், விடை 2026-01-17 என வரும். அடுத்த நிரைகளுக்கு இக்கலத்தையே பிரதிசெய்தல் போதும்.

நிறமிடும் விதிகள்

1. ஐந்தாம் நிரலில் ஐம்பது கலங்களைத் தெரிந்து, 'போமற்' பட்டியலில் 'கொண்டிஷனல் போமற்றிங்' என்பதைத் திறத்தல் வேண்டும். கலத்திலுள்ள திகதி இன்றைக்குப் பின்னதாயின் எனும் நிபந்தனையைத் தெரிந்து, சிவப்பு நிறத்தைக் கொடுத்தல் வேண்டும். தவணை முடிந்த நாளிற் சிவப்பு தானாகவே நீங்கும்.

2. மூன்றாம் நிரல் முதல் ஐந்தாம் நிரல் வரை அதே ஐம்பது நிரைகளைத் தெரிந்து, கலம் வெறுமையாயின் மஞ்சள் நிறமாகுமாறு இன்னொரு விதியை இடுதல் வேண்டும். எழுதப்படாத நிரைகள் மஞ்சளாகவே இருக்கும்.

இரண்டாம் விதியைத் தவிர்க்கலாகாது. நாட்களின் தொகையை எழுத மறந்தால், விரிதாள் அதனைப் பூச்சியம் எனக் கொள்ளும். அப்போது தெளித்த அன்றே அப்பாத்தி பறிக்கத்தக்கதெனக் காட்டப்படும். மஞ்சள் நிறம் இம்மறதியைப் புலப்படுத்தும்.

கவனிக்கவேண்டியவை

திகதியை ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் எழுதுதல் நன்று. 05/06 என எழுதினால், தொலைபேசியின் அமைப்புக்கேற்ப அது யூன் 5 ஆகவோ மே 6 ஆகவோ கொள்ளப்படும். பின்னதாயின், சிவப்பு நிறம் முப்பது நாட்கள் முந்தி நீங்கிவிடும்.

ஒரு பாத்திக்கு இரண்டு மருந்துகள் தெளிக்கப்பட்டிருப்பின், இரண்டையும் தனித்தனி நிரையில் எழுதுதல் வேண்டும். அவற்றில் ஒன்றேனும் சிவப்பாக இருக்கும்வரை அப்பாத்தியிற் பறிக்கலாகாது. நெல்வயலுக்கும் இம்முறை பொருந்தும். பாத்தியின் பெயருக்குப் பதிலாக வயலின் பெயரை எழுதலாம்.

விரிதாள் அறிவது எழுதப்பட்டதை மட்டுமே. சுட்டுத்துண்டில் 14 என்றிருக்க 4 என எழுதினால், அது 4 நாட்களையே கணிக்கும். ஆதலால், தெளித்த அன்றே, போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுதல் வேண்டும். சுட்டுத்துண்டு கிழிந்தோ அழிந்தோ இருப்பின், விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிதல் வேண்டும். காய் பறிப்பவரின் தொலைபேசியிலும் இவ்விரிதாள் திறக்கக்கூடியதாக இருத்தல் அவசியம். கூடையை எடுக்குமுன் அதனைப் பார்ப்பது வழக்கமாயின், ஒருவர் தெளித்ததை மற்றவர் அறியாது பறிக்கும் தவறு நேராது.