பேழைக்குள் நுழைந்த கேள்வி

கேள்வி: வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிறவரின் விசுவாசமே அங்கே மாறிவிடுவதுண்டா?

பதில்: உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஆங்கிலிக்கன் பிஷப்பாக இருந்த ஜான் வில்லியம் கொலென்சோவைப் பாருங்கள். கணக்குப் பாடநூல்கள் எழுதியவர். ஆதியாகமத்தை ஜூலு மொழியில் பெயர்க்க உதவிய வில்லியம் இங்கிடி, மிருகங்களெல்லாம் நோவாவின் பேழையில் ஏறியது நிஜம்தானா என்று கேட்டார். கொலென்சோவால் ஆமென்று சொல்ல முடியவில்லை. 1862இல் மோசேயின் ஆகமங்களிலுள்ள எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்துப் புத்தகமே போட்டார் (கணக்கு வாத்தியார் புத்தி!). மறுவருடமே கேப்டவுன் பிஷப் அவரைப் பதவிநீக்கம் செய்து தீர்ப்பளித்தார்.

சந்தேகம் இங்கிலாந்திலேயே முளைத்ததுதானே என்பார்கள். உண்மைதான், பிரளயக் கதையைக் கேள்விக்குள்ளாக்கிய நிலவியல் அவருக்குப் புதிதல்ல. ஆனால் பிரசங்க மேடையில் சந்தேகத்தை மூடிவைக்கலாம், மொழிபெயர்ப்பில் முடியாது. சொல்லுக்குச் சொல், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காக அவர் விசுவாசத்தையே இழந்தார் என்பது தவறு. எழுத்தின்மேல் இருந்த பிடி தளர்ந்தது, நியாயத்தின்மேல் இறுகியது. 1879இல் ஆங்கிலேயர் ஜூலுக்களோடு நடத்திய போரில் ஜூலு மக்களுக்காக வாதாடினார். அந்தப் பதவிநீக்கத் தீர்ப்பையும் மீறி, 1883இல் இறக்கும்வரை பிஷப்பாகவே ஊழியம் செய்தார். ஜூலுக்கள் அவருக்கு இட்ட பெயர் ‘சோபன்டு’, அதாவது மக்களின் தந்தை.